சீனரின் மெய்ப்பொருளியல்: தாவோ, ச்சீ, லி

என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது: "சீனத் தத்துவம் என்பது பெரும்பாலும் ஒழுக்க போதனையும் அரசனுக்குச் சொல்லும் அறிவுரையும்தானே? வேதாந்தத்தில் இருப்பதைப் போன்ற மெய்ப்பொருள் ஆராய்ச்சி அங்கே உண்டா? உண்டென்றால், தாவோவைப் பிரம்மம் என்றும் ச்சீயைப் பிராணன் என்றும் புரிந்துகொள்ளலாமா?" சீனச் சிந்தனையைத் தமிழ் வழியாக அணுகுகிற பலருக்கும் இந்த மூன்று ஐயங்களும் ஏறத்தாழ இதே வரிசையில்தான் எழுகின்றன. ஆகவே சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் சுருக்கமான விடை. சீனத்தில் மெய்ப்பொருளியல் உண்டு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டு, தனக்கே உரிய கலைச்சொற்களோடும் தீராத சண்டைகளோடும் வளர்ந்த மெய்ப்பொருளியல் அது. ஆனால் அது புறப்பட்ட இடம் வேறு. மாறிக்கொண்டே இருக்கும் இவ்வுலகத்துக்குப் பின்னால் மாறாமல் இருப்பது எது என்று உபநிடதங்கள் கேட்டன, பிளேட்டோவும் கேட்டார். சீனச் சிந்தனையாளர்களில் பெரும்பாலோர் மாற்றத்தையே அடிப்படை உண்மையாக வைத்துக்கொண்டு, இத்தனை மாற்றத்துக்கு நடுவிலும் ஒழுங்கு எப்படி நிற்கிறது என்று கேட்டார்கள். இந்த ஒரு வேறுபாட்டைக் கையில் பிடித்துக்கொண்டால் மற்ற இரண்டு ஐயங்களுக்கும் விடை தேடுவது எளிதாகும்.

வெறும் ஒழுக்க போதனைதான் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்குக் கன்பூசியஸின் உரையாடல் தொகுப்பிலேயே ஓர் ஆதாரம் இருக்கிறது. மனித இயல்பு பற்றியும் வானத்தின் வழி பற்றியும் ஆசான் பேசி நாங்கள் கேட்க முடிவதில்லை என்று சீடர் ட்சு கோங் அதில் சொல்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மன் தத்துவ அறிஞர் ஹேகல் தம் பெர்லின் சொற்பொழிவுகளில், கன்பூசியஸிடம் நடைமுறை ஞானம் உண்டு, தத்துவ ஆராய்ச்சி இல்லை என்று தீர்ப்பெழுதினார். அந்தத் தீர்ப்பு ஐரோப்பியப் பாடநூல்கள் வழியாக உலகெங்கும் பரவிவிட்டது. ஆனால் கன்பூசியஸ் ஒருவரைக் கொண்டு ஒரு மரபு முழுவதையும் எடை போடுவது, அதற்குப் பின் வந்த இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேலான வாதங்களைப் படிக்காமல் மூடி வைப்பதாகும்.

'மெய்ப்பொருளியல்' என்பதற்கு இன்று சீனர் பயன்படுத்தும் சொல்லே இதற்கு ஒரு சாட்சி. யீ ஜிங் என்னும் மாற்றங்களின் நூலுக்கு எழுதப்பட்ட பழைய பின்னுரை ஒன்றில், "உருவத்துக்கு மேலானது தாவோ எனப்படும், உருவத்துக்குக் கீழானது கலம் எனப்படும்" என்று ஒரு தொடர் வருகிறது. 1881இல் ஜப்பானிய அறிஞர் இனோவே தெட்சுஜிரோ தம் தத்துவ அகராதியில் மேலைநாட்டுச் சொல்லுக்கு இணை தேடியபோது இந்தத் தொடரிலிருந்தே 'உருவத்துக்கு மேற்பட்டதைப் பற்றிய கல்வி' என்ற சொல்லை அமைத்தார்; அது பிறகு சீனத்துக்கும் வந்து நிலைத்தது. சொல் புதியது, ஆனால் சொல்லப்பட்ட வேறுபாடு மிகப் பழையது. மூலத் தொடரில் மேல், கீழ் என்று இரண்டு உலகங்கள் பேசப்படவில்லை என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளலாம். உருவம் என்ற ஒன்றே நடுவில் இருக்கிறது. அதன் இந்தப் பக்கம் கையில் எடுக்கக்கூடிய கலம், அந்தப் பக்கம் அது நடக்கும் வழி. தாவோ என்ற சொல்லுக்கு வழி, பாதை என்பதுதான் நேர்ப்பொருள். அதே பின்னுரை, "ஒரு முறை யின், ஒரு முறை யாங், இதுவே தாவோ" என்று சொல்கிறது. நிழலும் வெயிலும் மாறி மாறி வரும் அந்த மாறுதலையே அது தாவோ என்கிறது; மாறுதலுக்கு அப்பால் ஒன்றைக் காட்டவில்லை.

அடுத்து ச்சீ. இந்தச் சொல்லின் பழைய பொருள் ஆவி, மூடுபனி, மூச்சு. மரபான எழுத்து வடிவத்துக்குள் அரிசியைக் குறிக்கும் உறுப்பு ஒன்று இருக்கிறது. தாவோ வழிச் சிந்தனையாளர் சுவாங் ட்சுவின் பெயரால் வழங்கும் நூல், மனிதன் பிறப்பது ச்சீ திரள்வதால், திரண்டால் வாழ்வு, கலைந்தால் சாவு, உலகம் முழுவதும் ஒரே ச்சீதான் என்கிறது. மனைவி இறந்தபோது அவர் சட்டியைத் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார் என்ற கதையும் இந்தக் கருத்தின் மேல்தான் நிற்கிறது. உருவமற்ற கலவையிலிருந்து ச்சீ வந்தது, ச்சீயிலிருந்து உருவம் வந்தது, உருவத்திலிருந்து உயிர் வந்தது, இப்போது அது மறுபடி மாறிவிட்டது, நான்கு பருவங்கள் மாறுவதைப் போல, என்று தம்மைப் பார்க்க வந்த நண்பரிடம் அவர் விளக்குகிறார். முதலில் தாமும் அழுததாகவே சொல்கிறார் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அந்த ஒரு வரி முக்கியமானது. துயரத்தை மறுப்பதற்காக அவர் இதைச் சொல்லவில்லை. துயரத்திலிருந்து தொடங்கி யோசித்துப் போன வழியைச் சொல்கிறார்.

இந்த ச்சீயைப் பிராணன் என்று மொழிபெயர்த்தால் பாதி கிடைக்கும், பாதி போய்விடும். பிராணன் என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவது உயிருள்ள உடல். சீனருக்கோ கல்லும் ச்சீ, மலைமேல் தவழும் மேகமும் ச்சீ, மனிதனின் கோபமும் ச்சீ, ஆவியாக வருவதாகச் சொல்லப்படும் முன்னோரும் ச்சீ. செறிவாக இருந்தால் கல், மெலிதாக இருந்தால் எண்ணம். இடையில் வெட்டுக்கோடு கிடையாது. இன்று மருத்துவ விளம்பரங்களில் காணும் 'ஆற்றல்' என்ற மொழிபெயர்ப்பும் பொருந்தாது. ஆற்றல் என்று சொன்னால் எதிர்ப்பக்கத்தில் சடப்பொருள் என்று ஒன்று நிற்க வேண்டும். இங்கே அப்படி ஒரு பிரிவே செய்யப்படவில்லை. உடல் வேறு, உயிர் வேறு என்ற பிரிவிலிருந்து தொடங்கும் நமக்கு இதை உள்வாங்கக் கொஞ்சம் காலம் பிடிக்கும். ஆகவே ச்சீயை ச்சீ என்றே எழுதி, வரும் இடத்தை வைத்துப் பொருள் கொள்வது நல்லது என்பது என் கருத்து.

இனி தாவோவுக்கும் பிரம்மத்துக்கும் வருவோம். தாவோ மரபின் மூலநூலான தாவோ தே ஜிங்கின் நாற்பதாம் இயல் வழக்கமான பாடத்தில், "உலகிலுள்ள பொருள்கள் உள்ளதிலிருந்து பிறக்கின்றன, உள்ளது இல்லதிலிருந்து பிறக்கிறது" என்று முடிகிறது. இந்த வரியைக் கொண்டுதான் தாவோவை உலகத்துக்கு முந்திய ஒரு பரம்பொருளாகப் பலர் காண்கிறார்கள். 1993இல் ஹூபெய் மாநிலத்தின் ஜிங்மென் நகருக்கு அருகே குவோதியான் என்னும் இடத்தில், கி.மு. 300ஐ ஒட்டிய காலத்துக் கல்லறை ஒன்றிலிருந்து மூங்கில் ஏடுகள் கிடைத்தன. அந்நூலின் பகுதிகளைக் கொண்ட ஏடுகளில் நமக்குக் கிடைத்தவற்றுள் பழமையானவை அவை. அவற்றில் இதே வரி, "உலகிலுள்ள பொருள்கள் உள்ளதிலிருந்து பிறக்கின்றன, இல்லதிலிருந்து பிறக்கின்றன" என்று இருக்கிறது. 'உள்ளது' என்ற ஓர் எழுத்து இரண்டாம் முறை வரவில்லை, வேறுபாடு அவ்வளவுதான். ஆனால் அந்த ஓர் எழுத்து இல்லாதபோது படிக்கட்டு மறைந்துவிடுகிறது. மேலே இல்லது, அதற்குக் கீழே உள்ளது, அதற்கும் கீழே பொருள்கள் என்ற வரிசை போய், உள்ளதும் இல்லதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. எழுதியவர், முந்தைய எழுத்தை மறுபடி படிக்கச் சொல்லும் மீள்குறியை விட்டுவிட்டார் என்று சில அறிஞர்கள் வாதிக்கிறார்கள். அதுவே மூலப்பாடம் என்கிறார்கள் வேறு சிலர். எது சரியானாலும், ஓர் எழுத்தின் மேல் இவ்வளவு பெரிய கட்டடத்தை எழுப்பிவிட்டோம் என்பதை அந்த ஏடு நமக்கு நினைவூட்டுகிறது.

அதே கல்லறையில், அதுவரை யாரும் அறியாத சிறு நூல் ஒன்றும் இருந்தது. பேரொன்று நீரைப் பிறப்பிக்கிறது. நீர் திரும்பி வந்து பேரொன்றுக்குத் துணை செய்ய, வானம் உண்டாகிறது. வானம் திரும்பி வந்து துணை செய்ய, நிலம் உண்டாகிறது என்று அது தொடர்கிறது. பிறந்தது பிறப்பித்ததற்குக் கைகொடுத்தால்தான் அடுத்தது பிறக்கிறது. படைப்பைப் பற்றிய எத்தனையோ கதைகளைப் படித்திருக்கிறேன். படைக்கப்பட்டது திரும்பி வந்து உதவுகிற இந்த அமைப்பு என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடுகிறது.

மூன்றாம் நூற்றாண்டில் வாங் பீ என்ற இளைஞர் 'இல்லது' என்பதை மிகக் கூர்மையாக விளக்கினார். 226இல் பிறந்து 249இல் இறந்துபோனவர். அதற்குள் தாவோ தே ஜிங்குக்கும் யீ ஜிங்குக்கும் இன்றளவும் படிக்கப்படும் உரைகளை எழுதிவிட்டார். யீ ஜிங்கைக் கொண்டு குறி பார்ப்பவர்கள் ஐம்பது குச்சிகளை எடுப்பார்கள். ஒன்றைத் தனியே வைத்துவிட்டு நாற்பத்தொன்பதை மட்டும் பிரித்து எண்ணுவார்கள். அந்த ஒதுக்கி வைத்த குச்சியைத்தான் வாங் பீ காட்டுகிறார். அது பயன்படுத்தப்படுவதில்லை, ஆனால் மற்றவற்றின் பயன் அதனால் நடக்கிறது. அது எண்ணில் சேர்வதில்லை, ஆனால் எண்கள் அதனால் அமைகின்றன என்கிறார். அவருடைய 'இல்லது' சூனிய வெளியும் அன்று, மறைந்திருக்கும் ஒரு பொருளும் அன்று. பொருள்கள் பொருள்களாக இயங்குவதற்குத் தான் பொருளாகாமல் இடம் விடுகிற ஒன்று அது.

இதை மறுத்தவர் குவோ சியாங். 312இல் இறந்த இவர், சுவாங் ட்சுவுக்கு எழுதிய உரையில், இல்லது என்பது இல்லாததுதான் என்றால் அதனால் எதையும் பிறப்பிக்க முடியாது, உள்ளதோ இன்னும் பிறக்கவில்லை, அப்படியானால் பிறப்பிப்பது யார் என்று கேட்டு, ஒவ்வொன்றும் தானே தோன்றுகிறது என்று முடித்தார். "இல்லது வாராது, உள்ளது போகாது" என்ற தொடரை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த வாதத்தின் முதற்பாதி பழக்கமானதாகவே இருக்கும். ஆனால் சைவ சித்தாந்தம் அதே இடத்திலிருந்து, ஆகவே செய்வோன் ஒருவன் வேண்டும் என்ற முடிவுக்குப் போகிறது. குவோ சியாங் செய்வோன் வேண்டியதில்லை என்ற முடிவுக்குப் போகிறார்.

பௌத்தம் வந்ததும் விவாதத்தின் ஆழம் கூடியது. இதில் தமிழகத்துக்கு உண்மையான ஒரு தொடர்பு உண்டு. இந்தியாவுக்கு வந்த சீனத் துறவி சுவான்ட்சாங் (நாம் யுவான் சுவாங் என்று அறிந்தவர்) 659இல் சீனத்தில் தொகுத்து முடித்த, 'எல்லாம் விஞ்ஞானமே' என்னும் கொள்கையை நிறுவும் பெருநூல், இந்திய பௌத்த ஆசான் தர்மபாலரின் விளக்கத்தையே பெரும்பாலும் பின்பற்றுகிறது. தர்மபாலர் பிறந்த ஊர் காஞ்சிபுரம் என்று சுவான்ட்சாங்கின் பயணக் குறிப்பே சொல்கிறது. ஆயினும் சீனரின் மனத்தைப் பிடித்துக்கொண்டது அந்த நுணுக்கமான பகுப்பாய்வைவிட, சீன பௌத்தத்தின் ஒரு பிரிவான ஹுவாயென் மரபுதான். அதன் பேராசான் ஃபாட்சாங் (643–712), எட்டுத் திசையிலும் மேலும் கீழுமாகப் பத்துக் கண்ணாடிகளை எதிரெதிரே நிறுத்தி, நடுவில் ஒரு புத்தர் சிலையை வைத்து, அதன்மேல் சுடரொளி படச் செய்து மாணவர்களுக்குக் காட்டினார். ஒவ்வொரு கண்ணாடியிலும் மற்றக் கண்ணாடிகள் எல்லாம், அந்தக் கண்ணாடிகளுக்குள் இந்தக் கண்ணாடி, என்று பிம்பங்கள் முடிவில்லாமல் போயின. ஒவ்வொரு பொருளும் மற்றெல்லாவற்றையும் தனக்குள் கொண்டிருக்கிறது என்பதற்கு அவர் தந்த விளக்கம் அது. இந்த மரபில்தான் 'லி' என்ற சொல் பெரிய தத்துவச் சொல்லாக உயர்ந்தது.

லி என்பதற்கு நூற்றாண்டுகளுக்கு முன் இருந்த பொருள் மிக எளியது. கி.பி. 100இல் ஷூ ஷென் தொகுத்த அகராதி, லி என்றால் பச்சைக்கல்லைச் செதுக்கிப் பக்குவப்படுத்துவது என்கிறது. கல்லுக்குள் ஓடும் வரியைப் பார்த்துச் செதுக்க வேண்டும். எதிர்த்து அடித்தால் கல் உடையும். சுவாங் ட்சுவின் நூலில் ஒரு சமையற்காரன், பத்தொன்பது ஆண்டுகளாகத் தீட்டாமலேயே தன் கத்தி புதிதுபோல் இருப்பதற்குக் காரணம் சொல்கிறான்: மாட்டின் உடலில் இயல்பாக ஓடும் லியைப் பின்பற்றி, மூட்டுகளுக்கு இடையிலுள்ள வெளியில் மட்டுமே கத்தியை விடுகிறேன் என்கிறான். வரி, இழை, நரம்பு, பொருந்திய ஒழுங்கு என்று தமிழில் பல சொற்களைச் சேர்த்தால்தான் இந்த ஒரு சொல் பிடிபடும்.

பதினோராம் நூற்றாண்டில் கன்பூசிய அறிஞர்கள் பௌத்தத்துக்கு மறுமொழி சொல்ல எழுந்தபோது இந்த இரண்டு சொற்களும், ச்சீயும் லியும், மோதிக்கொண்டன. சீன மெய்ப்பொருளியலின் உண்மையான உச்சம் இந்தக் காலம்தான் என்பது என் உறுதியான எண்ணம். தாவோ தே ஜிங்கோடு நிறுத்திக்கொள்பவர்கள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள்.

முதலில் ஜாங் ட்சாய் (1020–1077). உலகம் மாயை என்றும் வெறுமையே உண்மை என்றும் பௌத்தர்கள் சொல்வதாக அவர் கண்டார். அதற்கு அவர் சொன்ன விடை ஒரே உவமையில் அடங்கும். பெருவெளியில் ச்சீ திரள்வதும் கலைவதும் நீரில் பனிக்கட்டி உறைவதும் உருகுவதும் போன்றது. பெருவெளியே ச்சீதான் என்று அறிந்தால், 'இல்லாமை' என்று ஒன்றே இல்லை. நாம் வெறும் இடம் என்று நினைப்பதும் மெலிந்த ச்சீதான். தம் படிப்பறையின் மேற்குச் சுவரில் அவர் எழுதி மாட்டிய சிறு வாசகம் இந்த அடிப்படையில் நிற்கிறது: வானம் தந்தை, நிலம் தாய், அவற்றின் நடுவே சிறியவனாக நானும் ஓர் இடம் பெற்றிருக்கிறேன், மக்கள் எல்லாரும் உடன்பிறந்தார், பொருள்கள் எல்லாம் என் தோழர். ஒழுக்க போதனை போல ஒலிக்கும் இவ்வரிகள் எதன்மேல் நிற்கின்றன என்று பாருங்கள். அவர் உடலும் பிறர் உடலும் ஆற்றங்கரைக் கல்லும் ஒரே ச்சீயின் திரட்சிகள் என்பதால்தான் உறவு என்பது உவமையாக நின்றுவிடாமல் உண்மையாகிறது. சீனத்தில் ஒழுக்கத்தையும் மெய்ப்பொருளியலையும் தனித்தனியே பிரித்தெடுக்க முடியாது என்று நான் சொல்வதன் பொருள் இதுதான்.

அவருடைய உறவினரான செங் யீ (1033–1107) இதை ஏற்கவில்லை. யின் யாங் ஆகியவை ச்சீ; அவை அப்படி மாறி வருவதற்குக் காரணமானதே தாவோ என்று அவர் பழைய வரியைத் திருத்திப் படித்தார். சின்னத் திருத்தம்தான், ஆனால் அதில் ஒரு பெரிய பிளவு ஒளிந்திருக்கிறது. ஒழுங்கு இப்போது மாற்றத்திலிருந்து ஒரு படி விலகி நிற்கிறது. கலைந்த ச்சீ மறுபடி பயன்படுகிறது என்பதையும் அவர் மறுத்தார். வெளியே விட்ட மூச்சையே நாம் மறுபடி இழுப்பதில்லை, உலகம் ஓர் உலை போன்றது, போனது தீர்ந்துபோகிறது, புதியது பிறக்கிறது என்றார். பின்னாளில் ஜூ ஷி, ஜாங் ட்சாய் பௌத்தரின் மறுபிறப்பை எதிர்த்துவிட்டு, ஒரே ச்சீ திரும்பத் திரும்ப வருகிறது என்று சொல்லி, அதைவிடப் பெரிய மறுபிறப்புச் சக்கரத்தைக் கொண்டுவந்துவிட்டார் என்று குறை சொன்னார்.

ஜூ ஷி (1130–1200) இந்த மரபின் பெருந்தொகுப்பாளர். சிறுவனாக இருக்கும்போதே வானத்துக்கு வெளியே என்ன இருக்கும் என்று யோசித்து நோயாளியைப் போல் ஆகிவிட்டதாக மாணவர்களிடம் சொன்னவர். அவருடைய உரையாடல்களை மாணவர்கள் குறித்து வைத்து, 1270இல் 140 பகுதிகளாகத் தொகுத்தார்கள். அவரை அறிய அதைவிட நல்ல வழி கிடையாது. உயிரற்ற காய்ந்த பொருளுக்கும் லி உண்டா என்று கேட்கிறார்கள். அவர் படியில் நடந்துகொண்டே, இந்தப் படிக்கட்டின் செங்கல்லுக்குச் செங்கல்லின் லி இருக்கிறது என்கிறார். உட்கார்ந்ததும், இந்த மூங்கில் நாற்காலிக்கு மூங்கில் நாற்காலியின் லி இருக்கிறது என்கிறார். இன்னோரிடத்தில், உயர்ந்த மலையில் சங்கும் சிப்பியும் பாறைக்குள் பதிந்திருப்பதைக் கண்டதாகவும், அந்தப் பாறை முன்னாளில் மண்ணாக இருந்திருக்க வேண்டும், சிப்பி நீரில் வாழ்வது, ஆகவே தாழ்ந்தது உயர்ந்திருக்கிறது, மென்மையானது இறுகியிருக்கிறது என்றும் சொல்கிறார். காலடியிலுள்ள செங்கல், மலைமேல் கிடக்கும் சிப்பி என்று இப்படித்தான் அவருடைய மெய்ப்பொருளியல் நடக்கிறது.

லி முந்தியதா, ச்சீ முந்தியதா என்று மாணவர்கள் அவரை விடாமல் கேட்டார்கள். லி இல்லாத ச்சீ இல்லை, ச்சீ இல்லாத லியும் இல்லை, முன் பின் சொல்ல முடியாது என்பது அவருடைய முதல் விடை. ஆனால் கட்டாயம் சொல்ல வேண்டும் என்றால் லிதான் முந்தியது என்றும், மலையும் ஆறும் நிலமும் எல்லாம் அமிழ்ந்துபோனாலும் லி அங்கேயே இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறார். சீன மரபு முழுவதிலும் 'மாறுவதற்கு அப்பாலுள்ள மாறாத ஒன்று' என்பதற்கு மிக அருகில் வரும் இடங்களுள் இதுவும் ஒன்று. ஒரே நிலா எல்லா ஆறுகளிலும் ஏரிகளிலும் முழுதாகத் தெரிவதுபோல ஒரே லி எல்லாப் பொருளிலும் முழுதாக இருக்கிறது என்ற உவமையும் அவருடையதே; அதைப் பௌத்தரிடமிருந்து எடுத்ததாக அவரே சொல்கிறார். அத்வைத நூல்களில் பழகியவர்களுக்கு இந்த நிலா உவமை உடனே பிரம்மத்தை நினைவூட்டும். ஆனால் இங்கேதான் நின்று கவனிக்க வேண்டும். லிக்கு உணர்வு இல்லை, எண்ணிப் பார்த்தல் இல்லை, எதையும் ஆக்குதலும் இல்லை என்று ஜூ ஷி தெளிவாகச் சொல்கிறார். பிரம்மத்தின் இலக்கணமே சித்து, அறிவு. அறிவற்ற பிரம்மம் என்பது பொருளற்ற தொடர். மேலும் லியை அறிந்தவனுக்கு உலகம் பொய்யாகிவிடுவதில்லை. செங்கல் அப்போதுதான் சரியாகச் செங்கல்லாகத் தெரிகிறது. ஆகவே தாவோவையோ லியையோ பிரம்மம் என்று மொழிபெயர்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

வெளியிலிருந்து பார்த்தவர்கள் இதே இடத்தில்தான் தடுமாறினார்கள். யேசு சபைத் துறவி மத்தேயோ ரிச்சி 1603இல் பெய்ஜிங்கில் வெளியிட்ட நூலில், லி பிற பொருளைச் சார்ந்து நிற்கும் பண்பு மட்டுமே, அது உலகைப் படைக்க முடியாது என்று வாதிட்டார். 1716இல், தம் வாழ்வின் கடைசி ஆண்டில், ஜெர்மன் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் முடிக்காமல் விட்ட நீண்ட கடிதம் ஒன்றில், லி நாம் கடவுள் என்று வழிபடுவதற்கு நெருங்கியதே என்றார். இருவரும் லியிடம் கேட்ட கேள்வி ஒன்றேதான்: நீ படைப்பவனா? அந்தக் கேள்வியை ஜூ ஷி லியிடம் கேட்கவே இல்லை.

உள்ளுக்குள் எழுந்த எதிர்ப்பு வேறு வகையானது. 1175இல் ஜியாங்சியிலுள்ள வாத்து ஏரிக் கோயிலில் ஜூ ஷியும் அவர் காலத்துக் கன்பூசிய அறிஞர் லூ ஜியூயுவானும் நேருக்கு நேர் வாதிட்டு, உடன்படாமலே பிரிந்தார்கள். மனமே லி, அதைச் செங்கல்லிலும் நாற்காலியிலும் தேட வேண்டியதில்லை என்பது லூவின் பக்கம். இதை முழுமையாக்கியவர் வாங் யாங்மிங் (1472–1529). இளைஞராக இருந்தபோது ஜூ ஷி சொன்னபடி பொருள்களில் லியைக் காண்போம் என்று நண்பர் ஒருவரோடு முற்றத்து மூங்கிலின் முன் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் நண்பர் நோயில் விழுந்தார்; ஏழாம் நாள் இவரும் விழுந்தார். மூங்கில் எதையும் சொல்லவில்லை. பல ஆண்டுகள் கழித்து, அரசவையின் சீற்றத்துக்கு ஆளாகிக் குய்ஜோ மலைப்பகுதியிலுள்ள லோங்சாங்குக்கு அனுப்பப்பட்டபோது, 1508இல் ஓர் இரவு, லி தம் மனத்திலேயே நிறைந்திருக்கிறது என்று அவருக்குத் தெளிந்தது.

மலையில் தானே பூத்துத் தானே உதிரும் மரத்தைக் காட்டி, இதற்கும் என் மனத்துக்கும் என்ன தொடர்பு என்று நண்பர் ஒருவர் பின்னாளில் அவரைக் கேட்டார். நீங்கள் இந்தப் பூவைப் பார்ப்பதற்கு முன் பூவும் உங்கள் மனமும் சேர்ந்தே அமைதியில் இருந்தன. பார்த்த கணத்தில் அதன் நிறங்கள் தெளிந்து எழுந்தன. ஆகவே பூ உங்கள் மனத்துக்கு வெளியே இல்லை என்றார். பூ இல்லை என்று அவர் சொல்லவில்லை. பார்க்காதபோது பூ மட்டும் அடங்கியிருக்கவில்லை, மனமும் அதனோடு சேர்ந்தே அடங்கியிருந்தது. இந்த ஒரு விடையைப் பற்றியே நூல்கள் எழுதலாம்.

இதற்கிடையில் லி அரசாங்கத்தின் சொல்லாகவும் ஆகிவிட்டிருந்தது. ஜூ ஷியின் கல்வி அவருடைய கடைசி ஆண்டுகளில் 'பொய்க் கல்வி' என்று தடை செய்யப்பட்டது. ஆனால் 1313இல் மங்கோலிய அரசு அவருடைய உரைகளையே அரசுத் தேர்வுக்கு அடிப்படையாக்க, அந்த நிலை இடையில் சில மாற்றங்களோடு 1905இல் தேர்வு முறையே ஒழியும் வரை நீடித்தது. எல்லா மாற்றத்துக்கும் மேலே நிற்கும் மாறாத லி என்பது, நூல் கற்றவர்களின் கையில், குடும்பத்திலும் ஊரிலும் மற்றவர்களை அடக்கும் கோலாகவும் பயன்பட்டது.

மிங் பேரரசு 1644இல் வீழ்ந்தபின் ஹூனான் மலைகளில் ஒதுங்கி வாழ்ந்த வாங் ஃபூஜி (1619–1692) இந்தக் கட்டடத்தின் அடித்தளத்தைத் தாக்கினார். உலகில் இருப்பவை கலங்கள் மட்டுமே. வில்லும் அம்பும் இல்லாத காலத்தில் வில்வித்தையின் தாவோ இல்லை. மகன் இல்லாதபோது தந்தையின் தாவோ இல்லை. பழைய மன்னர்களின் காலத்தில் இன்றைய தாவோ இல்லை. இன்றும் வருங்காலத்தின் தாவோ பலவும் இன்னும் பிறக்கவில்லை. தாவோவுக்கே வரலாறு உண்டு என்று சொன்ன இந்தத் துணிவு எந்த மரபிலும் அரியது.

தாய் ஜென் (1724–1777) கேட்ட கேள்வி இன்னும் நெருங்கி வருகிறது. மேலோர் லியைக் காட்டிக் கீழோரைக் கடிகிறார்கள், மூத்தோர் லியைக் காட்டி இளையோரைக் கடிகிறார்கள். அது தவறாக இருந்தாலும் சரி என்றே ஆகிறது. கீழோர் லியைக் காட்டி எதிர்த்தால், சரியாக இருந்தாலும் அடங்காமை என்று ஆகிறது. சட்டத்தால் சாகிறவனுக்காக இரங்குவோர் உண்டு, லியால் சாகிறவனுக்காக யார் இரங்குவார் என்று எழுதினார். இது ஒழுக்கக் கேள்வியா, மெய்ப்பொருளியல் கேள்வியா? அவர் இரண்டையும் ஒரே இடத்தில் தீர்க்க முயன்றார். கன்பூசியஸின் வழிவந்த பழைய ஆசான் மென்சியஸின் சொற்களுக்குப் பொருள் காணும் ஆய்வு நூல் ஒன்றை எழுதினார். அதன் முதல் சொல்லாக லியை எடுத்துக்கொண்டார். நுணுகிப் பார்த்து வேறு பிரித்து அறிவதற்கு ஏற்பப் பொருள்களில் ஓடும் இழையே லி, தசையின் வரி, தோலின் வரி, வேலைப்பாட்டின் வரி என்று சொல்கிறோமே அதுதான் என்று விளக்கி, வானத்துக்கு ஏற்றி வைக்கப்பட்ட அந்தச் சொல்லைப் பச்சைக்கல்லுக்கும் சமையற்காரனின் கத்திக்கும் திரும்பக் கொண்டுவந்தார்.